போகவந்தலாவ ஆலய மயானம்: பெயர் பொறிக்கப்பட்டவர்களும் பொறிக்கப்படாதவர்களும்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் ஊடாகச் செல்லும் வீதியில் இருக்கிறது போகவந்தலாவ. நான்கு பக்கமும் தேயிலை மலைகள், நடுவே ஒரு கடைத்தெரு, கோயில்கள், பாடசாலைகள், பஸ் தரிப்பிடம் என்று மலையகத்தின் எந்தச் சிறுநகரையும் போன்ற ஊர்தான். இங்குள்ள புனித மரியாள் அங்கிலிக்கன் ஆலயத்தின் வளவில் ஒரு கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கணவன், இலங்கையின் நீதிமன்ற முறையை 1833 இல் மாற்றியமைத்த அறிக்கையை எழுதியவர். மனைவி, உலகப் புகைப்பட வரலாற்றின் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுபவர். கணவனின் பெயரை நாம் எல்லோரும் பாடசாலை வரலாற்றுப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அவர் இங்கேதான் இருக்கிறார் என்பது மலையகத்திலேயே பலருக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரையில் அந்த இருவரைப் பற்றியும், மலைநாட்டின் வேறு சில கல்லறைகளைப் பற்றியும் தொகுத்துத் தருகிறேன். கூடவே, இதே மலைகளில் கல்லும் பெயரும் இல்லாமல் புதைக்கப்பட்டவர்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அவர்களை விட்டுவிட்டு இந்தக் கல்லறைகளைப் பற்றி மட்டும் எழுதினால் அது பாதி வரலாறாகவே இருக்கும்.

சார்ள்ஸ் ஹே கமரூன் (1795–1880)

கோல்புறூக்–கமரூன் சீர்திருத்தம் என்று நாம் படித்ததில் வரும் கமரூன் இவர்தான். இலங்கையின் நிர்வாகத்தை ஆராய பிரித்தானிய அரசு அனுப்பிய ஆணைக்குழுவில் வில்லியம் கோல்புறூக் 1829 இல் இங்கு வந்தார். சட்டத்தரணியான கமரூன் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்துகொண்டார். நிர்வாகம், வருவாய் பற்றிய அறிக்கைகளைக் கோல்புறூக் எழுதினார். நீதித்துறை பற்றிய அறிக்கை கமரூனுடையது.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கண்டிப் பிரதேசம், கரையோரம், தமிழ்ப் பகுதிகள் அனைத்தையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்து ஐந்து மாகாணங்களாகப் பிரித்தது கோல்புறூக்கின் பரிந்துரையின்படி நடந்தது. தமிழ் அரசியல் மேடைகளில் 1833 என்று அடிக்கடி குறிப்பிடப்படும் திருப்பம் அதுதான். சட்டசபையும் அந்த ஆண்டிலேயே வந்தது. உத்தியோகப்பற்றற்ற ஆறு இடங்களில் மூன்று ஐரோப்பியருக்கும், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஒவ்வொருவருக்கும் ஒன்று வீதமும் ஒதுக்கப்பட்டன. இனவாரியாக ஆசனம் பிரிப்பதற்கான தொடக்கப்புள்ளி இதுவே.

கமரூனின் பங்கு நீதிமன்றங்களில் இருந்தது. அவர் ஜெரமி பெந்தாமின் சிந்தனை வழி வந்தவர். கண்டிப் பகுதிக்கு ஒரு முறை, கரையோரத்துக்கு இன்னொரு முறை, ஐரோப்பியருக்கு வேறொரு முறை என்றிருந்ததை நீக்கி, இன வேறுபாடின்றி எல்லோரும் ஒரே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகவேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1833 ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் இந்த அடிப்படையில்தான் வந்தது. மேலே உயர் நீதிமன்றம், கீழே மாவட்ட நீதிமன்றங்கள் என்று இன்றும் நமக்குப் பழக்கமான அமைப்பின் அடித்தளம் அதுவே.

அதன் பிறகு அவர் இந்தியாவுக்குப் போனார். மெக்கோலே தலைமை தாங்கிய சட்ட ஆணைக்குழுவில் உறுப்பினராக இருந்தார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவு 1837 இல் அந்தக் குழுவிலிருந்துதான் வந்தது. பின்னர் கல்கத்தாவில் ஆளுநர் நாயகத்தின் ஆலோசனைச் சபையில் சட்ட உறுப்பினரானார். 1848 இல் இங்கிலாந்து திரும்பினார்.

ஆனாலும் இலங்கையை அவர் விடவில்லை. 1840களில் மலைநாட்டுக் காடுகள் முடிக்குரிய நிலங்களாக மலிவு விலைக்கு விற்கப்பட்டபோது அரசாங்க உத்தியோகத்தர்கள், இராணுவ அதிகாரிகள், வர்த்தகர்கள் என்று பலரும் கோப்பி பயிரிட நிலம் வாங்கினார்கள். கமரூனும் வாங்கினார். திம்புளைப் பகுதியிலும் வேறு இடங்களிலும் அவருக்குப் பெரிய கோப்பித் தோட்டங்கள் இருந்தன. அவருடைய குடும்பம் இங்கிலாந்தின் வைட் தீவில் குடியிருந்த வீட்டுக்கு ‘டிம்போலா’ என்று பெயர். நம் திம்புளைதான் அந்தப் பெயர். அந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஜூலியா மார்கரட் கமரூன் (1815–1879)

ஜூலியா 1815 ஜூன் 11 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகத்தர். 1836 இல் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் ஓய்வுக்காகத் தங்கியிருந்தபோது இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் வானியலாளர் ஜோன் ஹேர்ஷல். மற்றவர் தன்னைவிட இருபது வயது மூத்தவரான சார்ள்ஸ் கமரூன். ஹேர்ஷல் வாழ்நாள் நண்பரானார். புகைப்படம் என்ற புதிய கண்டுபிடிப்பைப் பற்றி அவருக்கு முதலில் சொன்னவரும் அவரே. சார்ள்ஸை 1838 இல் திருமணம் செய்துகொண்டார்.

அவர் கமராவைக் கையில் எடுத்தது 1863 டிசம்பரில். அப்போது வயது 48. மகளும் மருமகனும் கொடுத்த பரிசு அது. கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக்கி, நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கி வேலை தொடங்கினார். கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம் அது. கை கறுக்கும், துணி கறையாகும், ஒரு படத்துக்கு எதிரில் இருப்பவர் பல நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும்.

கவிஞர் டெனிசன், சார்ள்ஸ் டார்வின், தோமஸ் கார்லைல், ஹேர்ஷல் ஆகியோரின் முகங்களை இன்று நாம் எப்படி நினைத்துப் பார்க்கிறோமோ அதில் பெரும் பங்கு ஜூலியாவின் படங்களுக்கு உண்டு. முகத்துக்கு மிக அருகில் சென்று, கூர்மையைக் கொஞ்சம் விட்டு, ஒளியையும் நிழலையும் கொண்டு அவர் எடுத்த படங்களை அக்காலப் புகைப்படச் சங்கத்தினர் ‘ஒழுங்காகப் படமெடுக்கத் தெரியாதவர்’ என்று குறை சொன்னார்கள். பின்னால் வந்தவர்கள் அதையே அவருடைய கலை என்றார்கள்.

எழுத்தாளர் வேர்ஜினியா வுல்ஃபின் தாயார் ஜூலியாவின் சகோதரி மகள். வேர்ஜினியாவின் கணவர் லெனார்ட் வுல்ஃப் 1904 முதல் 1911 வரை யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களில் சிவில் சேவையில் இருந்தவர் என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. இந்தக் குடும்பத்துக்கும் இலங்கைக்கும் இரண்டு தலைமுறை தாண்டிய தொடர்பு இருந்திருக்கிறது.

1869 இல் மடுல்சீமையில் முதலில் காணப்பட்ட கோப்பி இலை நோய் மலைநாடு முழுவதும் பரவியது. தோட்ட வருமானத்தை நம்பியிருந்த கமரூன் குடும்பத்துக்குப் பண நெருக்கடி வந்தது. மகன்மார் இலங்கையில் இருந்தார்கள். சார்ள்ஸுக்கும் இந்தத் தீவின் மீது ஆசை தீரவில்லை. 1875 இல், எண்பது வயதுக் கணவனும் அறுபது வயது மனைவியும் கப்பலேறினார்கள். தங்களுக்கான சவப்பெட்டிகளையும், அவற்றுக்குள் பீங்கான் கண்ணாடிப் பாத்திரங்களை அடுக்கி, உடன் கொண்டுவந்தார்கள் என்று குடும்பக் கதை ஒன்று உண்டு.

களுத்துறையில் மகன் வீட்டிலும், மலையில் தோட்டத்து வீட்டிலுமாக அவர்கள் வாழ்ந்தார்கள். 1877 இல் தாவர ஓவியர் மரியான் நோர்த் களுத்துறைக்கு வந்தபோது ஜூலியா அவரைப் படமெடுத்தார். 1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளன்கேன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். வெள்ளை மாடுகள் பூட்டிய வண்டியில் உடல் மலை கடந்து கொண்டுசெல்லப்பட்டது என்று சொல்லப்படுகிறது. போகவந்தலாவையில் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் சார்ள்ஸும் அங்கேயே வந்து சேர்ந்தார்.

பெயரில்லாத முகங்கள்

ஜூலியா இங்கிலாந்தில் எடுத்த படங்களின் கீழே பெரும்பாலும் பெயர் இருக்கும். தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணைப் படமெடுத்தபோதும் அந்தப் பெண்ணின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. மேரி ஹில்லியர் என்ற அந்தப் பணிப்பெண் இன்று புகைப்பட வரலாற்றில் தனியாகப் பேசப்படுகிறாள்.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏழை உழைப்பாளிகள். தோட்டத் தொழிலாளரும் இருக்கிறார்கள், களுத்துறைக் கிராமத்தவரும் இருக்கிறார்கள். அந்தப் படங்கள் ‘இலங்கைப் பெண்’, ‘களுத்துறை விவசாயிகள்’ என்ற மாதிரியான தலைப்புகளோடு உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆட்களின் பெயர் இல்லை.

அந்தப் பிரதிகளை நான் இணையத்தில் பலமுறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். கமராவை நேராகப் பார்க்கும் முகங்கள். படமெடுப்பவருக்கு அந்த முகங்களின் மேல் இருந்த மரியாதையையும் மறுக்க முடியாது. ஆனால் டார்வினுக்குக் கேட்காமலே எழுதிய பெயரை இவர்களிடம் கேட்டு எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஜூலியாவின் தனிப்பட்ட குறையாக மட்டும் இதைப் பார்க்க முடியாது. அன்றைய தோட்ட நிர்வாகம் முழுவதும் அப்படித்தான் இயங்கியது.

மலைநாட்டின் வேறு சில கல்லறைகள்

போகவந்தலாவைக்கு வருபவர்கள் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வேறு சில இடங்களும் உண்டு.

கண்டி, தலதா மாளிகைக்கு அருகிலுள்ள பிரித்தானியப் படையினர் மயானத்தில் சேர் ஜோன் டொயிலி இருக்கிறார். சிங்களத்தில் புலமை பெற்ற இவர், 1815 கண்டி உடன்படிக்கையின் பின்னணியில் முதன்மையானவர். 1824 இல் இறந்தார். இதே மயானத்தில் ஆளுநர் வில்லியம் கிரகரியின் மனைவி எலிசபெத்தும் அடக்கம் செய்யப்பட்டார்.

கண்டி மஹய்யாவ மயானத்தில் ஜேம்ஸ் டெய்லர் இருக்கிறார். 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் வர்த்தக ரீதியில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்டவர். கோப்பி அழிந்தபின் நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்கிய பயிர் அவர் கையால் தொடங்கியது. 1892 இல் இறந்தார்.

நுவரெலியாவில் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய பழைய மயானத்தில் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் இருக்கிறார். ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைச் சுட்டவர் என்று அறியப்பட்டவர். 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய கல்லறைக் கல்லையும் மின்னல் தாக்கியது என்பது நுவரெலியாவில் எல்லோரும் சொல்லும் கதை.

இப்படியான கல்லறைகள் எங்கே, யாருடையவை, கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் சிவில் சேவையாளர் பென்றி லூயிஸ் தொகுத்து 1913 இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். இலங்கையில் இறந்த ஐரோப்பியர்களைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் முதலில் திறக்கும் புத்தகம் அது. மலேரியாவில் இறந்த இளம் துரையும், பிறந்து சில நாளில் இறந்த துரையின் குழந்தையும்கூட இப்படி எங்கோ ஓர் இடத்தில் பதிவாகியிருக்கிறார்கள்.

கல் இல்லாதவர்கள்

அந்தத் துரைமாரின் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டின் இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாக நடந்தார்கள். வாந்திபேதி, காய்ச்சல், பசி, தண்ணீரில்லாமை ஆகியவற்றால் வழியிலேயே பலர் விழுந்தார்கள். 1840களில் இறந்தவர்கள் எழுபதாயிரம் என்ற ஒரு கணக்கு 1849 இல் கொழும்புப் பத்திரிகையில் வெளிவந்தது. அந்த எண்ணிக்கையைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் அந்தப் பாதையில் ஒருவருக்கும் கல்லறை கிடையாது என்பதில் விவாதம் இல்லை.

தோட்டத்தை அடைந்தவர்களுக்கும் அதே கதிதான். லயத்தில் ஒருவர் இறந்தால் தப்பு அடித்து, மலை ஓரத்தில் நிர்வாகம் காட்டிய இடத்தில் புதைப்பார்கள். மண்மேட்டில் ஒரு செடி நடுவார்கள். சில மழைக்காலம் கடந்தால் மேடு கரைந்துவிடும். மானாப் புல் மூடிவிடும். சில இடங்களில் பின்னால் அதன்மேலேயே தேயிலையும் வந்துவிடும். தேயிலைத் தூரின் கீழ் நம் பாட்டன்மார் உரமாகக் கிடக்கிறார்கள் என்று மலையகத்தில் சொல்வது வெறும் மேடைப் பேச்சல்ல. பல தோட்டங்களில் அது அப்படியே உண்மை.

கமரூனின் நீதிச் சாசனத்தோடு இதை வைத்துப் பார்க்கிறேன். இன வேறுபாடில்லாமல் எல்லோருக்கும் ஒரே நீதிமன்றம் என்று அவர் எழுதினார். ஆனால் 1841 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும், 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமும், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுப் போகும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பின. துரை சம்பளத்தைப் பிடித்து வைத்தால் அது கடன் விவகாரம். தொழிலாளி தோட்டத்தை விட்டுப் போனால் அது சிறைத் தண்டனை. நீதிமன்றம் ஒன்றுதான், உள்ளே போகும் இருவருக்கும் நீதி ஒன்றாக இருக்கவில்லை. கங்காணியின் கடனில் ஆளைக் கட்டிவைத்த துண்டு முறை 1921 இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

ஒரு கல்லின் பெறுமதி

கல்லறையில் பெயர் இல்லாவிட்டால் என்ன, இறந்தவருக்குத் தெரியவா போகிறது என்று கேட்கலாம். 1948 இல் அதற்கு ஒரு பதில் கிடைத்தது.

அந்த ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் இங்கு பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கவும் வேண்டும். மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் பிறந்து, உழைத்து, அதே மண்ணில் புதைந்த குடும்பங்களிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கொழுந்து பறித்த ஒவ்வொரு நாளும் அவர்கள் பெயர் செக்ரோலில் ஏறியது. ஆனால் அது சம்பளக் கணக்குக்கு மட்டுமே. ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள்.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரு அரசுகளும் உடன்பட்டன. அதில் போனவர்கள் தங்கள் தாய் தகப்பனைப் புதைத்த மலையை விட்டுப் போனார்கள். எஞ்சியவர்களின் குடியுரிமைப் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது.

பெயரோடு நம் நினைவில் நிற்கும் தொழிலாளர் சிலரே. சம்பளப் போராட்டத்தில் 1940 ஜனவரியில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த முல்லோயா கோவிந்தன் ஒருவர். தோட்டக் காணி சுவீகரிப்புக்கு எதிராக நின்று 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சுடப்பட்ட சிவனு லெட்சுமணன் இன்னொருவர். அவர்களைத் தொழிற்சங்கங்கள் நினைவில் வைத்திருக்கின்றன. மற்றவர்களை வைத்திருப்பது குடும்பங்கள் மட்டுமே.

செய்யக் கூடியவை

2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, மூதாதையர் நடந்த வழியில் மலையக மக்கள் நடந்தார்கள். இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்த அந்த நடைபயணம் ஒரு நல்ல தொடக்கம். அடுத்த வேலை தோட்டங்களுக்குள்ளே இருக்கிறது.

ஒவ்வொரு தோட்டத்திலும் பழைய மயானம் எது என்று தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருடத்தில் இருக்கமாட்டார்கள். உயர்தர வகுப்பு மாணவர்களைக் கொண்டு, யார் எங்கே, எந்த ஆண்டில், எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம் என்று எழுதி வைக்கலாம். செலவு ஒரு கொப்பியும் ஒரு கைத்தொலைபேசியும்தான். பழைய செக்ரோல் புத்தகங்களைத் தோட்டக் காரியாலயங்கள் எரிப்பதற்கு முன் கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது, நிலம். தோட்டக் காணி அரசுக்கும் கம்பனிகளுக்கும் உரியதாக இருப்பதால் மயானத்துக்கான இடம் இன்றும் நிர்வாகத்தின் தயவில் இருக்கிறது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிடுவதற்கு இருந்த சட்டத் தடை 2018 இல் திருத்தத்தின் மூலம் நீங்கியது. மயானத்துக்கு எல்லைக்கல், வேலி, பாதை, தண்ணீர் கேட்பதற்கு இப்போது சட்டத்தில் இடமுண்டு. கேட்க வேண்டியவர்கள் நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள்.

போகவந்தலாவ ஆலய வளவைப் பார்க்கப் போகிறவர்கள் ஹட்டனிலிருந்து போகவந்தலாவ பஸ்ஸில் ஏறலாம். நகரத்தில் விசாரித்தால் ஆலயத்துக்கு வழி காட்டுவார்கள். வழிபாட்டு இடம் என்பதால் உள்ளே போவதற்கு முன் ஆலயத்தில் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. கமரூன் தம்பதியின் கல்லறையைப் பார்த்தபின், அருகிலுள்ள ஏதாவது ஒரு தோட்டத்து லயத்தில் வயதானவர் ஒருவரிடம், உங்கள் தாத்தாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர் கையை நீட்டி ஒரு மலையைக் காட்டுவார். அவர் சொல்லும் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள்.